குழந்தையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது?

தை பிறந்துவிட்டால் நமது பட்டணத்து வீடுகளில் இரண்டு விதமான விசாரணைகள் ஆரம்பமாகின்றன. கல்யாண வயதில் பெண்ணோ பிள்ளையோ இருக்கும் வீட்டில் வரனைப் பற்றிய விசாரணை. நாலு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் பள்ளிக்கூடத்தைப் பற்றிய விசாரணை. முன்னதற்காவது, மனிதர்களை நேரில் பார்க்க வேண்டும், குடும்பத்தைப் பற்றி நாலு பேரிடம் கேட்க வேண்டும் என்ற நியதிகள் உண்டு. பின்னதற்கு அந்த நியதிகள்கூடக் கிடையா. அடுத்த வீட்டுக்காரர் எங்கே சேர்த்தாரோ அங்கேயே நாமும் சேர்ப்பது, அல்லது எங்கே இடம் கிடைப்பது கஷ்டமோ அதுவே சிறந்த பள்ளிக்கூடம் என்று எண்ணிக்கொள்வது, இவ்விரண்டு மார்க்கங்களில் ஒன்றைத்தான் பெற்றோர்களில் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள்.

உபாத்தியாயத் தொழிலில் இருப்பவனிடம் இந்தக் கேள்வி வந்து சேருவது இயல்பு. "ஒரே ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லுங்கள், ஸார், போதும்" என்று கேட்பவர்கள் அநேகர். பெயரைச் சொல்வது சுலபந்தான். ஆனால் பள்ளிக்கூடம் கோபுரத்தைப்போல் என்றைக்கும் ஒரே மாதிரி நிற்கும் வஸ்து அன்று. ஹெட்மாஸ்டர் மாறினால் பள்ளிக்கூடம் மாறுகிறது. முதல் வகுப்பு ஆசிரியை மாற்றலாகிப் போனால், அந்த வருஷத்துக் குழந்தைகளைப் பொறுத்த வரையில், பள்ளிக்கூடமே மாறிவிடுகிறது. ஆகையால் பெயரைக் கூறுவதைவிடப் பார்க்கும் விதத்தைக் கூறுவதே பயன் தரும் என்பது என் அபிப்பிராயம்.

திருவல்லிக்கேணியையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பார்த்தசாரதி சுவாமி கோயிலிலிருந்து புறப்பட்டு, முன்னாளில் பைக்ராப்ட்ஸ் ரோடு என்று பெயர் வழங்கிய பாரதி சாலை வரையில் நடந்து வருபவர், வழியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பல வகைப் பள்ளிக்கூடங்களைக் காணலாம். பெரிய தெருவிலுள்ள ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் 1922 முதல் 1925 வரையில் படித்த மாணவர் ஒருவர், 1983-ல் பௌதிக சாஸ்திரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அவர்தான் எஸ். சந்திரசேகர். பேட்டைவாசிகள் இதைச் சொல்லிப் பெருமைப்படுவது நியாயமே. ஆனால் அதே சந்திரசேகர், சுமார் பன்னிரண்டு வயது வரையில் பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காமல், வீட்டில் பெற்றோர்களிடமும் தனி உபாத்தியாயர்களிடமும் கற்றவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழைய மாணவர்களின் படங்களைச் சுவரில் மாட்டியிருக்கும் பள்ளிக்கூடத்தில் அந்தப் படங்களுக்கு ஒரு நமஸ்காரம் செய்துவிட்டு, இன்றைக்கு முதல் வகுப்பில் பாடம் நடத்துகிறவர் யார் என்று விசாரிப்பதே விவேகம்.

முதலில் வகைகளைத் தெரிந்துகொள்வோம். படித்த குடும்பங்களிலும் இதில் குழப்பம் இருக்கிறது. கார்ப்பொரேஷன் பள்ளிக்கூடங்களில் கட்டணம் இல்லை. புத்தகம், உடை, மத்தியான உணவு எல்லாம் இலவசம். உதவி பெறும் பள்ளிக்கூடங்கள் தர்ம ஸ்தாபனங்களாலோ மத ஸ்தாபனங்களாலோ நடத்தப்படுகிறவை. உபாத்தியாயர்களுக்குச் சம்பளம் சர்க்கார் கொடுக்கிறது. இவற்றுள் பலவற்றில் ஒரே மதிலுக்குள் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருப்பதைக் காணலாம்: சர்க்கார் உதவியுடன் நடக்கும் தமிழ் வகுப்புக்கள் ஒருபுறம், கட்டணம் வாங்கி நடத்தும் இங்கிலீஷ் வகுப்புக்கள் மற்றொருபுறம். விண்ணப்பம் வாங்கும்போது எந்தப் பகுதிக்கு வாங்குகிறோம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவது வகை மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடங்கள். நான்காவது, மத்திய போர்டைச் சேர்ந்த ஸி.பி.எஸ்.இ. பள்ளிக்கூடங்கள்.

மெட்ரிகுலேஷன் என்றால் பாடமே வேறு என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அது உண்மைதான். தமிழ் நாட்டில் ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலு பாடத்திட்டங்கள் இருந்தன. 2010-ல் சமச்சீர் கல்வி தொடங்கப்பட்டது. வழக்குகள் நடந்து, 2011 ஆகஸ்டு 9-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை நிறைவேற்றும்படி தீர்ப்பளித்தது. அது முதல் இந்த நாலு வகைக்கும் பாடத்திட்டம் ஒன்றே. பத்தாம் வகுப்புப் பரீட்சையும் ஒன்றே. கட்டணமின்றிக் கிடைக்கும் அதே பாடத்திட்டத்துக்கு ஆயிரக் கணக்கில் பணம் கொடுக்கிறவர், எதற்காகக் கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்து கொடுக்க வேண்டும். கட்டிடத்துக்காக இருக்கலாம், இங்கிலீஷுக்காக இருக்கலாம், கூடப் படிக்கும் குழந்தைகளின் குடும்பங்களை உத்தேசித்தும் இருக்கலாம். கடைசிக் காரணத்தைப் பலர் வெளியில் சொல்வதில்லை.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தகப்பனார் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. தாயாரும் வேலைக்குப் போகிறவர். வீட்டில் பாட்டி ஒருத்தி. ஐந்து வயதாகப் போகும் பெண் குழந்தை ஒன்று. தெருக் கோடியில் கார்ப்பொரேஷன் ஆரம்பப் பள்ளிக்கூடம். பத்து நிமிஷ நடையில் உதவி பெறும் பள்ளிக்கூடம். நகரத்தின் தென்கோடியில், வேனில் முக்கால் மணி நேரப் பிரயாணத்தில், பெயர் பெற்ற ஸி.பி.எஸ்.இ. பள்ளிக்கூடம்.

"எங்கள் ஆபீஸில் எல்லோரும் அங்கேதான் சேர்க்கிறார்கள், அம்மா" என்கிறார் தகப்பனார்.

"ஆபீஸில் இருப்பவர்கள் சேர்க்கட்டுமப்பா. விடியற்காலையில் வேனில் ஏறப் போவது குழந்தைதானே?" என்கிறாள் பாட்டி.

"அத்தை சொல்வது சரிதான். ஆனால் இங்கிலீஷ் வராவிட்டால் நாளைக்கு இவள் நம்மைத்தானே கேட்பாள்?" என்கிறார் தாயார்.

இந்த மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்ப்போம்.

பாட்டியின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் அதற்குக் கணக்கு இருக்கிறது. போக முக்கால் மணி, வர முக்கால் மணி ஆக நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஐந்தாம் வகுப்பு வரையில் வருஷத்துக்குக் குறைந்த பக்ஷம் 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். 200 நாளைக்கு ஒன்றரை மணி வீதம் பிரயாணம் மட்டும் 300 மணி நேரம் ஆகிறது. அதாவது எட்டு மணி நேரம் பாடம் கேட்பதற்கு மூன்று மணி நேரம் வேனில் உட்கார வேண்டும். அந்த 300 மணியும் எங்கிருந்து எடுக்கப்படுகிறது? தூக்கத்திலிருந்தும் விளையாட்டிலிருந்தும் பாட்டி சொல்லும் கதையிலிருந்துமே எடுக்கப்படுகிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு இம்மூன்றும் பாடத்தில் அடங்கியவை அல்ல என்று எந்த உபாத்தியாயரும் சொல்லத் துணியமாட்டார்.

பிரயாணத்தில் அபாயமும் இருக்கிறது. 2012 ஜூலை மாதம் தாம்பரத்தை அடுத்த பகுதியில், பள்ளி பஸ்ஸின் தரைப் பலகையிலிருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விழுந்து உயிரிழந்தாள். அந்தக் கோர சம்பவத்துக்குப் பிறகுதான் தமிழ் நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் ஏற்பட்டன. வேன் அமர்த்துபவர்கள், அது பள்ளிக்கூடத்தின் வாகனமா, வெளியார் வாகனமா, உதவியாள் உண்டா, எத்தனை குழந்தைகளை ஏற்றுகிறார்கள் என்பதை ஒரு நாள் காலையில் தாமே நின்று பார்ப்பது அவசியம். நடந்து போகும் தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தாலோ, குழந்தைக்குத் தெரு தெரியும். கூடப் படிப்பவர்கள் சாயங்காலத்திலும் தோழர்களாக இருப்பார்கள். உடம்பு சரியில்லை என்று ஆள் வந்தால் ஐந்து நிமிஷத்தில் போய் அழைத்து வரலாம்.

அடுத்தது தாயாரின் கவலை. இங்கிலீஷ் வேண்டுமா என்றால், வேண்டும். அதில் வாதத்துக்கு இடமில்லை. மேல் படிப்பும் உத்தியோகமும் இன்று அதைக் கேட்கின்றன. இது தெரியாதவர்கள்போல் ஏழைகளுக்கு மட்டும் தாய்மொழி உபதேசம் செய்வது நேர்மையாகாது. ஆனால் இங்கிலீஷைக் கற்பது வேறு, இங்கிலீஷின் வழியாகக் கணக்கையும் சாஸ்திரத்தையும் கற்பது வேறு. 1937-ல் மகாத்மா காந்தியின் தலைமையில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாடு, ஏழு வருஷ காலம் இலவசக் கட்டாயக் கல்வி வேண்டுமென்றும் அதைத் தாய்மொழியிலேயே அளிக்க வேண்டுமென்றும் தீர்மானித்தது. தேசாபிமானம் மட்டும் அதற்குக் காரணமன்று. 'கழித்தல்' என்ற விஷயமே இன்னும் புரிபடாத குழந்தைக்கு, அதைப் புரியாத பாஷையில் சொன்னால், இரண்டும் புரியாமல் போகும். அக் குழந்தை வாய்பாட்டையும் பாட்டையும் கிளிபோல் ஒப்பிக்கும், பெற்றோர்கள் சந்தோஷப்படுவார்கள், நாலாம் வகுப்பில் கணக்கு வாக்கியத்தைப் படித்து, கூட்டுவதா கழிப்பதா என்று கேட்கும்போதுதான் விஷயம் வெளிப்படும்.

ஆந்திரப் பிரதேசத்துக் கிராமங்களில் 2008 முதல் நாலு வருஷ காலம் ஒரு பரிசோதனை நடந்தது. சர்க்கார் பள்ளிக் குழந்தைகள் சிலருக்குச் சீட்டுக் குலுக்கி உதவித் தொகை கொடுத்துத் தனியார் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். கார்த்திக் முரளீதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அதன் முடிவை 2015-ல் வெளியிட்டார்கள். தெலுங்கிலும் கணக்கிலும் இரு சாராருக்கும் வித்தியாசம் காணப்படவில்லை. ஹிந்தியில் தனியார் பள்ளிக் குழந்தைகள் முந்தியிருந்தார்கள்; அங்கே அதற்கு நேரம் ஒதுக்கிக் கற்பித்ததே காரணம். இதைக் கேட்டுச் சர்க்கார் பள்ளிக்காரர்கள் மார் தட்டிக்கொள்ள வேண்டாம். தனியார் பள்ளிகள் அதே பலனை, ஒரு குழந்தைக்குச் சர்க்கார் செலவிடுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த செலவில் காட்டின என்பதும் அதே ஆராய்ச்சியின் முடிவு. கிராமத்துக்குப் பொருந்தியது பட்டணத்துக்கு அப்படியே பொருந்திவிடாது. எனினும், கட்டணம் வாங்குகிறார்கள் என்ற ஒரே காரணத்தால் படிப்பு உயர்ந்துவிடாது என்பதற்கு இது போதுமான சாக்ஷியம். இங்கிலீஷ் வேண்டுவோர் கேட்க வேண்டியது, "எந்த மீடியம்?" என்பது மட்டுமன்று, "மூன்றாம் வகுப்புக் குழந்தை தான் இதற்குமுன் பார்த்திராத நாலு வரி இங்கிலீஷைப் படித்து அர்த்தம் சொல்லுமா?" என்பதே. அதைப் போலவே தமிழிலும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, தகப்பனார் சொல்லும் "எல்லோரும்". எல்லோரும் அங்கே போவதற்கு அநேகமாகப் பரீட்சை முடிவுதான் காரணமாயிருக்கும். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் துணி கட்டியிருப்பதைப் பார்க்கிறோம். 2017-ல் தமிழ் நாடு சர்க்கார் பொதுப் பரீட்சைகளில் முதல், இரண்டாவது என்று இடம் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டது. அது நல்ல காரியம். ஆனால் நூற்றுக்கு நூறு என்ற மோகம் குறையவில்லை. அதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எத்தனை பேர் உட்கார்ந்தார்கள்?" இடையில் காணாமற்போன பிள்ளைகள் எங்கே போனார்கள் என்பதில்தான் அந்தப் பள்ளிக்கூடத்தின் குணம் தெரியும். படிப்பு வராத பையனை வைத்துக்கொண்டு கரையேற்றும் பள்ளிக்கூடத்தில் தேர்ச்சி தொண்ணூறாக இருக்கலாம். சான்றிதழைக் கையில் கொடுத்து அவனை வெளியே அனுப்பும் பள்ளிக்கூடத்தில் நூறாக இருக்கலாம். நம் குழந்தை எப்போதும் முதல் வரிசையிலேயே இருக்கும் என்று நிச்சயமாயிருப்பவர்கள் நூறைத் தேர்ந்தெடுக்கட்டும்.

பணத்தைப் பற்றியும் வெட்கமில்லாமல் பேச வேண்டும். தமிழ் நாட்டில் 2009-ம் வருஷத்துச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளின் கட்டணத்தை நிர்ணயிக்க ஒரு கமிட்டி உண்டு. அந்தக் கமிட்டி நிர்ணயித்த தொகை என்ன என்று கேட்பதற்குப் பெற்றோருக்கு உரிமை உண்டு. கொடுக்கும் பணம் முழுவதற்கும் ரசீது கேட்பதற்கும் உரிமை உண்டு. கல்வி உரிமைச் சட்டம் நன்கொடை வாங்குவதைத் தடுக்கிறது. வாங்கினால் அதைப்போல் பத்து மடங்கு வரையில் அபராதம். பள்ளியில் சேரும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் பரீட்சை வைப்பதும் குற்றம். முதல் தடவைக்கு 25,000 ரூபாயும், பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாயும் வரையில் அபராதம் விதிக்கலாம். இவ்வளவும் சட்டத்தில் இருக்க, நாலு வயதுக் குழந்தையை இங்கிலீஷில் பழங்களின் பெயர் சொல்லும்படி கேட்டு, பக்கத்தில் தகப்பனாரையும் தாயாரையும் உட்கார வைத்து, உத்தியோகத்தையும் சம்பளத்தையும் விசாரிக்கும் வழக்கம் ஒழியவில்லை. இடம் கிடைக்காதோ என்ற பயத்தில் நாம் பதில் சொல்லிக்கொண்டிருப்பதால்தான் கேட்கிறார்கள்.

அதே சட்டத்தில் மற்றொரு ஷரத்தும் உண்டு. தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து இடங்களை எளிய குடும்பத்துக் குழந்தைகளுக்கும் பின்தங்கிய வகுப்பாருக்கும் கட்டணமின்றி அளிக்க வேண்டும். சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாதென்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. இந்த இடங்களைப் பற்றி நமது வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாளுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரியாவிட்டால், சொல்ல வேண்டியது படித்தவர்களுடைய கடமை.

இனி, பள்ளிக்கூடத்துக்குப் போனால் என்ன பார்ப்பது? கம்ப்யூட்டர் அறையையும் நீச்சல் குளத்தையும் அவர்களே காட்டுவார்கள். நாம் கேட்டுப் பார்க்க வேண்டியவை வேறு. முதலில் குழந்தைகளின் கழிப்பிடத்தைப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று கவனியுங்கள். பெண் குழந்தைகள் பலர் காலை முதல் மாலை வரையில் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வருவதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. இரண்டாவது, முதல் வகுப்பில் எத்தனை குழந்தைகள் என்று எண்ணுங்கள். சட்டம் சொல்வது முப்பது குழந்தைக்கு ஒரு உபாத்தியாயர். மூன்றாவது, ஒரு சாதாரணக் குழந்தையின் நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் புரட்டுங்கள். ஒவ்வொரு நோட்டிலும் அதே வாக்கியம் அதே எழுத்தில் இருந்தால், அது கரும்பலகையைப் பார்த்து எழுதியது என்று அறிக. தப்பும் திருத்தமுமாகக் குழந்தை தானே எழுதியிருந்தால், அங்கே கல்வி நடக்கிறது. நான்காவது, வெளியே போகும் வழிகள் எத்தனை, மாடிப்படி எவ்வளவு அகலம் என்று கவனியுங்கள். 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் கூரைக் கொட்டகையில் பற்றிய தீயினால் 94 குழந்தைகள் மாண்டார்கள். அதை மறக்கலாகாது. ஐந்தாவது, உபாத்தியாயர் வகுப்புக்குள் நுழையும்போது குழந்தைகளின் முகத்தைப் பாருங்கள். அடிப்பதைச் சட்டம் தடுத்துவிட்டது. ஆனால் பயம் என்பது பிரம்பினால் மட்டும் உண்டாவதன்று. மேலும், இரண்டாம் வகுப்பு வரையில் வீட்டுப் பாடம் கூடாதென்று 2018-ல் சென்னை ஹைக்கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. அதைப் பற்றிக் கேட்டு, ஹெட்மாஸ்டர் என்ன பதில் சொல்கிறார் என்று கவனிப்பதும் ஒரு சோதனை.

தெருக் கோடியிலிருக்கும் கார்ப்பொரேஷன் பள்ளிக்கூடத்தை மேற்படி குடும்பத்தார் பேச்சுக்குக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். நமது நகரத்தில் நடப்பது அதுதான். அப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1911-ல் கோபாலகிருஷ்ண கோகலே கட்டாய ஆரம்பக் கல்வி வேண்டுமென்று சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். பிரிட்டிஷ் ஆட்சியில் 1912-ல் அது தோற்கடிக்கப்பட்டது. 1920-ல் பிட்டி தியாகராய செட்டியார் தலைமையிலிருந்த சென்னை கார்ப்பொரேஷன், ஆயிரம் விளக்குப் பள்ளிக்கூடத்தில் ஏழைக் குழந்தைகளுக்கு மத்தியான உணவு அளிக்கத் தொடங்கியது. காமராஜர் 1956-ல் அதை மாகாணம் முழுவதற்கும் பரப்பினார், 1982-ல் எம். ஜி. ராமச்சந்திரன் அதை விஸ்தரித்தார். 2022-ல் காலை உணவும் தொடங்கி, 2023-ல் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும், 2025-ல் நகரங்களிலுள்ள உதவி பெறும் ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. கோகலேயின் கனவு 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமாக வந்து சேர ஏறக்குறைய நூறு வருஷம் ஆயிற்று. அவ்வளவு பேர் பாடுபட்டு நமது தெருக் கோடியில் கொண்டுவந்து வைத்திருக்கும் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு தடவைகூட எட்டிப் பாராமல் நாம் தாண்டிப் போகிறோம்.

எட்டிப் பார்த்தால் குறைகளும் தெரியும். அவற்றை மறைப்பதில் பயனில்லை. சட்டப்படி அறுபது குழந்தைகள் வரையில் உள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டு உபாத்தியாயர்கள் இருந்தால் போதும். வகுப்புக்களோ ஐந்து. ஆகவே ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புக்கள் நடக்கின்றன. ஜனத்தொகைக் கணக்கு, தேர்தல் முதலிய வேலைகளுக்கும் உபாத்தியாயர்களை அழைக்கிறார்கள். இதைக் கண்டு பெற்றோர்கள் குழந்தைகளை எடுத்துவிடுகிறார்கள். குழந்தைகள் குறையவே உபாத்தியாயர்களும் குறைகிறார்கள். உபாத்தியாயர்கள் குறையவே இன்னும் சில பெற்றோர்கள் எடுத்துவிடுகிறார்கள். கடைசியில் வேறு வழியில்லாத குடும்பத்துக் குழந்தைகள் மட்டும் மிஞ்சுகிறார்கள். அவர்களுடைய பெற்றோர்களுக்குத் தினக் கூலியை விட்டுவிட்டு வந்து ஹெட்மாஸ்டரிடம் கேள்வி கேட்க அவகாசமும் இல்லை, தைரியமும் இல்லை.

எனக்கு மனத்தில் உறுத்துகிற விஷயம் இதுதான். நமது குழந்தைக்கு எது நல்லது என்ற கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் தனித் தனியாகக் கேட்டு, ஒவ்வொருவரும் நியாயமான பதிலையே சொல்லிக்கொள்கிறோம். எல்லாப் பதில்களும் சேர்ந்து பேட்டையின் பொதுப் பள்ளிக்கூடத்தைக் காலி செய்துவிடுகின்றன. ஒரே தெருவில் பிறந்து ஒரே கோயில் திருவிழாவைப் பார்க்கும் குழந்தைகள், ஐந்து வயதில் ஐந்து வண்டிகளில் ஏறி ஐந்து திசைகளில் போய்விடுகிறார்கள். பிறகு ஒருவரையொருவர் அறிவதே இல்லை. 2015-ல் அலகாபாத் ஹைக்கோர்ட்டு, சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் தங்கள் குழந்தைகளைச் சர்க்கார் பள்ளியில்தான் சேர்க்க வேண்டுமென்று உத்தரவிட்டது. உத்தரவினால் மனம் மாறிவிடாது என்பது உண்மை. ஆனால் அந்த நீதிபதியின் கருத்து சாமானியமானதன்று: கேட்கத் தெரிந்தவர்களின் குழந்தை இருக்கும் இடத்தில்தான் குழாயில் தண்ணீர் வரும்.

இதற்காக, கொள்கையின் பேரில் குழந்தையைப் பலி கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெற்றோர்களின் முதற் கடமை தங்கள் குழந்தைக்குத்தான். நான் கேட்பதெல்லாம், தெருக் கோடிப் பள்ளிக்கூடத்தையும் தராசில் வையுங்கள் என்பதே. அங்கே போங்கள், மேலே சொன்ன ஐந்து விஷயங்களையும் அதே கண்டிப்புடன் பாருங்கள். வகுப்புக்கு ஒரு உபாத்தியாயர் இருந்து, அவரும் நல்லவராயிருந்து, தண்ணீரும் வெளிச்சமும் இருந்தால், ஐந்தாம் வகுப்பு வரையில் அதைவிடச் சௌகரியமான இடம் வேறில்லை. மிச்சமாகும் பணத்தில் வீட்டுக்கு மாதம் நாலு புத்தகம் வாங்கலாம். இரண்டு உபாத்தியாயர்களே ஐந்து வகுப்பையும் சமாளிக்கும் இடமானால், நம் குடும்பத்தார் உதவி பெறும் பள்ளிக்கூடத்தைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. பத்து நிமிஷ நடை. பாட்டியே கொண்டு விடலாம். இங்கிலீஷை ஒரு பாடமாக அங்கே யார் கற்பிக்கிறார்கள் என்பதை மட்டும் தாயார் நேரில் போய்த் தெரிந்துகொள்ளட்டும். தென்கோடிப் பள்ளிக்கூடம் எங்கும் போய்விடாது. பெண்ணுக்குப் பதினொரு வயதாகி, தானே பஸ்ஸில் போகத் தெரிந்த பிறகு ஆறாம் வகுப்புக்கு யோசித்துக்கொள்ளலாம்.

மற்றொன்று. குழந்தையை எங்கே சேர்த்தாலும், தெருக் கோடிப் பள்ளிக்கூடம் நம்முடையதே. அதற்கான வரியை நாம்தான் கொடுக்கிறோம். சட்டப்படி சர்க்கார் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் ஒரு நிர்வாகக் கமிட்டி இருக்க வேண்டும். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். அக் கமிட்டியிலிருக்கும் தாய்மார்களில் ஒருத்தியாவது நமக்குத் தெரிந்தவளாக இருப்பாள். ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, கார்ப்பொரேஷன் ஆபீஸுக்கு அவளுடன் கூடப் போவது, ஞாயிற்றுக்கிழமை மாலையில் நாலு குழந்தைகளைத் திண்ணையில் உட்கார வைத்துக் கதை படிக்கச் சொல்லிக் கேட்பது ஆகிய இவையெல்லாம் படித்த குடும்பங்களுக்குப் பெரிய காரியங்கள் அல்ல.

எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடியும் யோசிக்க வேண்டும். குழந்தை காலையில் எழுந்து தானாகப் புறப்படுகிறதா, வயிற்று வலி என்று சொல்கிறதா? சாயங்காலம் வந்ததும் ஏதாவது சொல்ல வாயெடுக்கிறதா, பேசாமல் மூலையில் போய் உட்காருகிறதா? அதைவிட நம்பத்தகுந்த பரீட்சை முடிவு எந்தப் பத்திரிகையிலும் வெளிவருவதில்லை. சென்னையில் சில பள்ளிக்கூடங்களில் விண்ணப்பம் கொடுக்கும் காலம் இப்பொழுதே நடக்கிறது. கார்ப்பொரேஷன் பள்ளிக்கூடங்களிலும் உதவி பெறும் பள்ளிக்கூடங்களிலும் கோடை வரையில் அவகாசம் உண்டு. ஆகையால் அவசரப்பட வேண்டாம். அடுத்த வாரத்தில் ஒரு நாள் ஆபீஸுக்கு அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு, வகுப்பு நடக்கும் நேரத்தில், மூன்று பள்ளிக்கூடங்களையும் வரிசையாகப் பார்த்து வாருங்கள். முடிந்தால் பாட்டியையும் அழைத்துப் போங்கள்.